வீட்டுக் காப்பியும் அரைக்கும் எந்திரமும்

காப்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் கொட்டையைப் பற்றிப் பேசுவர். பாலைப் பற்றிப் பேசுவர். பித்தளை பில்டர் உயர்ந்ததா, எவர்சில்வர் பில்டர் உயர்ந்ததா என்று பொழுது போவது தெரியாமல் வழக்காடுவர். கொட்டையை அரைக்கும் கருவியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அது ஏதோ அரைக்கிறது, தூள் விழுகிறது என்ற அளவில் விட்டுவிடுகிறோம். பில்டர் காப்பி ஒன்றே வீட்டில் இருந்த காலத்தில் இந்த அலட்சியத்தால் பெரிய நஷ்டம் இல்லை. எஸ்ப்ரெஸோ என்னும் இத்தாலியக் காப்பி வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்த பிறகு, அதே அலட்சியம் மாதந்தோறும் செலவு வைக்கிறது. அந்தச் செலவைக் குறைக்கும் வழியைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச எண்ணுகிறோம்.

பாலக்காட்டுப் பக்கத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கல்பாத்தி. இடுக்கிப் பக்கத்தில் குமுளி, வண்டன்மேடு, பூப்பாறை, தேவிகுளம். இந்த ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறைகளாக இருந்து வருகின்றன. 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லைகள் மாறியபோது பலர் இருந்த இடத்தில் இருந்தவாறே வேறு மாநிலத்தவர் ஆயினர். வேலை தேடிப் பின்னர் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஒன்று காலைக் காப்பி. இப்போது அந்த வீடுகள் சிலவற்றில் இரண்டு காப்பிகள் இருக்கின்றன. தகப்பனாருக்கு டபராவில் ஆற்றிய பில்டர் காப்பி. பெங்களூரிலோ கொச்சியிலோ வேலை பார்த்துப் பழகிவிட்ட மகனுக்கு அல்லது மகளுக்கு எஸ்ப்ரெஸோ. விடுமுறைக்கு வருகையில் பிள்ளை ஒரு சிறிய எஸ்ப்ரெஸோ எந்திரத்தையும் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்துவிடுகிறான்.

எந்திரம் வந்துவிடுகிறது, காப்பி வருவதில்லை. ஒரு நாள் கறுத்த தைலம் போலச் சொட்டுச் சொட்டாக வடிந்து நாக்கைக் கசக்கச் செய்கிறது. மறுநாள் குழாயைத் திறந்துவிட்டாற்போலப் பத்தே விநாடியில் கொட்டி முடிந்து, புளித்த நீராக நிற்கிறது. வீட்டார் எந்திரத்தைக் குறை கூறுவர். இதைவிட விலையுயர்ந்ததாக வாங்கியிருக்க வேண்டும் என்பர். குற்றம் பெரும்பாலும் எந்திரத்தினுடையது அன்று. பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் மிக்ஸியினுடையது.

எஸ்ப்ரெஸோ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடினால், மொழிபெயர்ப்பையே ஊதியத் தொழிலாகக் கொண்ட நமக்கும் கை ஓய்ந்துவிடுகிறது. பிழிந்தெடுத்தது என்பது ஒரு பொருள். கேட்டவருக்கென்று அப்போதே ஆக்கித் தருவது என்பது இன்னொன்று. விரைவு என்னும் சாயலும் அதில் உண்டு. மூன்றும் சேர்ந்த ஒரு தமிழ்ச் சொல்லை யாரேனும் கண்டுபிடித்தால் நன்றியுடன் ஏற்போம். அதுவரை எஸ்ப்ரெஸோ என்றே வழங்குவோம். ஆனால் அந்த மூன்று பொருள்களுக்குள் கருவியின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம் பில்டரை எண்ணிப் பாருங்கள். தூளின்மேல் கொதிநீரை ஊற்றி மூடிவிடுகிறோம். நீர் தன் எடையினாலேயே மெல்ல இறங்குகிறது. டிகாக்ஷன் இறங்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இவ்வளவு பொறுமையான முறையில் தூள் சற்றுப் பருமனாக இருந்தாலும் நீர் காத்திருந்து சாரத்தை எடுத்துக்கொள்ளும். சற்று நொய்யாக இருந்தால் இறங்க இன்னும் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். எஸ்ப்ரெஸோவில் காத்திருப்பதற்கு இடமே இல்லை. காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீர் தூளுக்குள் செலுத்தப்படுகிறது. 25 முதல் 30 விநாடிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் அளவு காப்பி இறங்குவது வழக்கமான கணக்கு.

இந்த 25 விநாடியைத் தீர்மானிப்பது யார்? எந்திரம் அன்று. எந்திரம் நீரைத் தள்ளுவதோடு சரி. நீரைத் தடுத்து நிறுத்தி, இவ்வளவு வேகத்தில் போ என்று கட்டளையிடுவது அந்தத் தூள்தான். குழாய்க்குத் திருகு எப்படியோ, எஸ்ப்ரெஸோவுக்குத் தூள் அப்படி. தூள் ஒரு மயிரிழை பருமனானால் திருகு திறந்துகொள்ளும். ஒரு மயிரிழை நொய்தானால் அடைத்துக்கொள்ளும். ஆகவே தூளை நினைத்த பருமனுக்கு அரைத்துத் தரும் கருவி இல்லாத வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த எந்திரம் இருந்தும் அது திருகு இல்லாத குழாய்தான்.

இத்தாலியர் இதை வெகு நாட்களுக்கு முன்பே உணர்ந்தனர். மிலான் நகரத்து லூயிஜி பெஸேரா 1901-இல் நீராவியால் இயங்கும் எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதில் அழுத்தம் குறைவு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அக்கிலே காஜியா என்பவர் நெம்புகோலும் சுருள்வில்லும் வைத்து அழுத்தத்தை உயர்த்தினார். பழுப்பு நிற நுரை மேலே மிதக்கும் இன்றைய எஸ்ப்ரெஸோ அப்போதுதான் பிறந்தது. அழுத்தம் ஏற ஏற அரைவையின் நுட்பமும் கூடியாக வேண்டியதாயிற்று.

நம் நாட்டு வரலாறு வேறு வகை. பழைய வீடுகளில் மேசை ஓரத்திலோ பலகையிலோ திருகாணியால் பொருத்தும் வார்ப்பிரும்புக் காப்பி மிஷின் ஒன்று இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கீழே கிண்ணத்தில் தூள் விழும். இரும்புப் பற்களால் காப்பிக்கொட்டையை அரைக்கும் கைக்கருவிகளை, இன்று மோட்டார் வண்டிக்குப் பெயர்போன பிரான்சு நாட்டுப் பெஜோ குடும்பத்தார் 1840 முதலே செய்து விற்றனர் என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். நம் வீடுகளில் அதைச் சுற்றும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டுவந்த சிறுவர்களுக்கும் வாய்த்தது. வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகள் பெருகியதும் மிஷின் பரணில் ஏறியது. பின்னர் மிக்ஸி வந்தது. அரைக்கும் வேலை எதுவானாலும் மிக்ஸி என்றாயிற்று.

மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. அதன் கத்தி சுழலும்போது பக்கத்தில் அகப்பட்ட கொட்டை மாவாகிறது. ஓரத்துக்குத் தப்பிய கொட்டை நொய்யாகவே நிற்கிறது. நீண்ட நேரம் ஓடவிட்டால் தூள் சூடேறி மணம் போகும். பில்டருக்கு இது ஓரளவு தாங்கும். எஸ்ப்ரெஸோவில், மாவான பகுதி கசப்பைத் தரும், நொய்யான பகுதி புளிப்பைத் தரும். ஒரே கிண்ணத்தில் இரண்டு குறையும் சேர்ந்து வந்து நிற்கும். கசப்பைக் குறைக்கப் பருமனாக்கினால் புளிப்பு ஏறும். புளிப்பைக் குறைக்க மேலும் அரைத்தால் கசப்பு ஏறும்.

ஆகவே வாங்க வேண்டியது பற்கள் வைத்த கருவி. கடைகளில் இதைப் பர் கிரைண்டர் என்பர். கிரைண்டர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது புவிசார் குறியீடு பெற்ற கோயமுத்தூர் மாவரைக்கும் கல்தான். அதற்கும் இதற்கும் உறவு ஒன்றும் இல்லை. இதன் உறவு திருகையோடு. திருகையில் அடிக்கல் நிற்கிறது, மேற்கல் சுழல்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள சந்துதான் மாவின் பருமனைத் தீர்மானிக்கிறது. பர் என்பதும் அதுவே. கல்லுக்குப் பதிலாக எஃகு. கொத்திய பள்ளங்களுக்குப் பதிலாகக் கடைந்த பற்கள். சந்தின் அளவைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். சந்தைவிடப் பெரிய துணுக்கு வெளியே வர வழியில்லை; ஆகையால் தூள் பெரும்பாலும் ஒரே சீராக விழுகிறது.

வணிகப் பெயர்களைச் சொல்லி இதை வாங்குங்கள், அதை விடுங்கள் என்பது வானொலிப் பேச்சுக்கு அழகன்று. உறுப்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டால் பெயர்கள் தேவைப்படுவதும் இல்லை.

முதலாவதாக, கையால் சுற்றும் மலிவான கருவிகளில் பற்கள் பீங்கானால் ஆனவை. பீங்கானில் தவறில்லை; தவறு அச்சில் இருக்கிறது. நடு அச்சு ஒரு முனையில் மட்டும் பிடிபட்டு மற்ற முனையில் ஆடுகிறது. அச்சு ஆடினால் சந்து ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் ஆகும். அதில் எஸ்ப்ரெஸோவுக்கு அரைக்க முயன்றால் 18 கிராமுக்கு நான்கைந்து நிமிடம் கை வலிக்கச் சுற்ற வேண்டும். சுற்றிய பின்னும் தூள் சீராக இராது. எஃகுப் பற்களும், மேலும் கீழும் பந்துத் தாங்கிகளும் உள்ள கருவியில் அதே வேலை ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். கடையில் பார்க்கும்போது அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதென்றால், அது எவ்வளவு மினுக்கினாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது, விளம்பரங்கள் சிறிய எழுத்தில் சொல்லும் செய்தி. கருவியைத் திருகும்போது சொடுக்குச் சொடுக்காக நகரும். ஒரு சொடுக்குக்குப் பற்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்பதே கேள்வி. வடிகாப்பிக்கென்று செய்த சில நல்ல கருவிகளில்கூட ஒரு சொடுக்கு 80 மைக்ரான் அளவுக்கு நகர்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பில்டருக்கு இது மிகவும் நுட்பம். எஸ்ப்ரெஸோவுக்கோ, ஒரு சொடுக்கில் 40 விநாடியில் இறங்கும் காப்பி அடுத்த சொடுக்கில் 15 விநாடியில் ஓடிவிடும்; நடுவே நமக்கு வேண்டிய 28 விநாடிக்கு இடமே இராது. சொடுக்குக்கு 10 முதல் 20 மைக்ரான் வரை நகரும் கருவிகளும், சொடுக்கே இல்லாமல் வழுக்கித் திரும்பும் கருவிகளும்தான் எஸ்ப்ரெஸோவுக்கு உரியவை. ஒரே தொழிற்சாலையின் இரண்டு கருவிகள் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்க, இந்த ஒரு வேறுபாட்டால் ஒன்று பயன்படும், மற்றொன்று பயன்படாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பற்களின் வடிவத்தைப் பற்றி வாதம் மிகுதி. கூம்பு வடிவம் ஒன்று. இரண்டு தட்டுகள் முகத்துக்கு முகம் நோக்கும் தட்டை வடிவம் ஒன்று. தட்டைப் பற்கள் சுவையைப் பிரித்துக் காட்டும் என்பர், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரிய தட்டைப் பற்களுக்கு வலுவான மோட்டார் வேண்டும்; விலை ஏறும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கும் வீட்டில் அந்த வேறுபாட்டுக்கென்று பணம் கொடுப்பது வீண் என்பது நம் அபிப்பிராயம். பால் சேர்க்காமல் குடிப்பவர்கள் நம்மோடு மாறுபடலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. எனினும் பொதுவாகச் சொன்னால், நுட்பமாகத் திருகக்கூடிய எஃகுப் பல் கைக்கருவி பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அதே தரத்தில் மின்சாரக் கருவி வேண்டுமானால் அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது. மோட்டாருக்கும் அதன் கூட்டுக்கும் கொடுக்கும் விலையே அந்த வேறுபாடு. தூளில் வேறுபாடு சிறிது. எந்திரத்துக்கும் கருவிக்குமாகச் சேர்த்து 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கும் குடும்பம், இருபதாயிரத்தை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியில் ஏதாவது ஒரு கருவியைத் தேடுவதுதான் வழக்கமாக நடப்பது. நாம் சொல்வது, கருவிக்கு ஐந்தில் இரண்டு பங்கு முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மிகுந்ததில் எந்திரம் வாங்குங்கள்.

எந்திரம் முன்பே வீட்டில் இருக்கிறதென்றால், கருவிக்குப் பணம் செலவிடுமுன் தூள் வைக்கும் உலோகக் கூடையைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். அடி முழுவதும் நுண்துளைகள் இருந்தால் நல்லது. உள்ளே பல துளைகளும் வெளியே ஒரே ஒரு துளையும் இருந்தால், அது இரட்டை அடி வைத்த கூடை. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஒற்றைத் துளை நீரைத் தடுத்து, நுரையை வருவித்துக் காட்டிவிடும். பார்வைக்கு எஸ்ப்ரெஸோ, நாக்குக்கு அன்று. அந்தக் கூடையை வைத்துக்கொண்டு நல்ல கருவி வாங்கினால் கருவியின் பயன் முழுவதும் வெளிப்படாது. பல எந்திரங்களுக்கு ஒற்றை அடிக் கூடை தனியே கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கிடைக்காத எந்திரமானால் கடையில் அரைத்த தூளையே அதற்குப் போட்டுக் குடிப்பது குடும்பத்துக்கு நல்லது.

கைக்கருவியா, மின்சாரமா என்பதை வீட்டில் உள்ள தலைகளை எண்ணித் தீர்மானிக்க வேண்டும். கைக்கருவியின் வயிற்றில் 20 முதல் 30 கிராம் கொட்டைதான் கொள்ளும். ஒருவருக்கோ இருவருக்கோ எஸ்ப்ரெஸோ என்றால் அது போதும். ஐந்து பேருக்குக் காலை பில்டருக்கும் அதையே பயன்படுத்த நினைத்தால் மூன்று முறை நிரப்பிச் சுற்ற வேண்டும். நாலாம் நாள் கருவி பரணில் ஏறிவிடும். அன்றியும், பில்டருக்கும் எஸ்ப்ரெஸோவுக்கும் மாற்றி மாற்றித் திருகினால் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு கருவி இரண்டு வேலையும் செய்யட்டும் என்ற சிக்கனம் இங்கே சிக்கனமாகாது. தகப்பனாரின் பில்டர் தூள் வழக்கம்போல் கடையிலிருந்து வரட்டும். அல்லது பரணில் இருக்கும் பழைய மிஷின் இறங்கட்டும். புதுக்கருவி எஸ்ப்ரெஸோவுக்கு மட்டும் இருக்கட்டும். முழங்கை வலி உள்ளவர்களும், இலேசாக வறுத்த கொட்டையை விரும்புபவர்களும் மின்சாரக் கருவிக்காகக் காத்திருந்து பணம் சேர்ப்பதே நன்று. இலேசான வறுவலில் கொட்டை கெட்டியாக இருக்கும். கையால் அரைப்பது உழைப்பு.

எல்லைப்புறத்துக்கென்று சில செய்திகள் உண்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு இவை தேவைப்படாமல் போகலாம்.

நெல்லியாம்பதி மலையிலும் இடுக்கி மலைகளிலும் காப்பி விளைகிறது. காப்பி வாரியம் கேரள விளைச்சலைக் கணக்கிடுகையில் வயநாடு, திருவிதாங்கூர், நெல்லியாம்பதி என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. இடுக்கிக் காப்பி இரண்டாவதில் அடங்கும். குமுளி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட ஓரத்திலும் மிளகுக்கொடிக்கு நடுவிலும் சில பத்துக் காப்பிச் செடிகள் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பழத்தைப் பறித்து முற்றத்தில் உலர்த்தி, தோலோடு வியாபாரிக்கு விற்றுவிடுவர். மலையாளத்தில் உண்டக்காப்பி என்று சொல்லும் சரக்கு இதுதான். விற்ற கையோடு கம்பத்துக்கோ போடிக்கோ மலையிறங்கும்போது பொட்டலத் தூள் வாங்கி வருவர். விளைவிப்பவர் வீட்டில் விளைந்த காப்பி இல்லை. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கலப்பின் அளவை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதாவது ஏறக்குறையப் பாதி சிக்கரியாக இருக்கலாம் என்று பொருள். தம் செடியின் பழத்தை விற்று, அந்தப் பொட்டலத்தை வாங்கும் கணக்கில் நட்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கருவி இருந்தால் இந்தக் கணக்கு மாறுகிறது. நாளொன்றுக்கு இரண்டு எஸ்ப்ரெஸோவுக்கு 36 கிராம். மாதத்துக்கு 1 கிலோவுக்குச் சற்று மேல் வறுத்த கொட்டை. வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு குறையும் என்று கொண்டால் பச்சைக்கொட்டை 1 கிலோ 300 கிராம் வேண்டும். உலர்ந்த பழத்தில் ஏறத்தாழ பாதி எடையே கொட்டை. ஆகவே மாதத்துக்கு 2 கிலோ 600 கிராம் பழம். வருடம் முழுவதுக்கும் 31 கிலோ அளவு. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுகூட இல்லை. 2024-இலும் 2025-இலும் உலகச் சந்தையில் காப்பி விலை முன்பு காணாத உயரத்துக்குச் சென்றதை எண்ணினால், அந்த ஒரு மூட்டையை விற்காமல் நிறுத்திவைப்பது சிறிய தியாகமன்று என்பதும் தெரிகிறது. ஆயினும் பொட்டலத்துக்குக் கொடுக்கும் விலையும் ஏறித்தானே இருக்கிறது?

ஆனால் வீட்டுக் கொட்டையில் ஓர் ஆபத்து உண்டு. முற்றத்தில் உலர்த்தியதாகையால் அதில் கல் இருக்கும். மிக்ஸியின் கத்தி கல்லைத் தாங்கும். எஃகுப் பல் தாங்காது. பட்டாணி அளவுக் கல் ஒன்று பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் பல்லைச் சிதைத்துவிடும். பச்சையாக இருக்கும்போது ஒரு முறை, வறுத்து ஆறியபின் ஒரு முறை, சுளகில் பரப்பிப் பொறுக்க வேண்டும். வறுத்தபின் கொட்டை கறுத்துவிடுவதால் வெளுத்த கல் எளிதாகக் கண்ணில் படும். கறுத்த கல்தான் ஏமாற்றும். அரைக்கும்போது வழக்கத்துக்கு மாறான நெரிச்சல் கேட்டால் கையை நிறுத்துங்கள். வேகமாகச் சுற்றித் தள்ளிவிடலாம் என்று நினைக்கலாகாது. கையால் சுற்றும் கருவியின் ஒரு நன்மை, கல்லைக் கை உடனே உணரும் என்பது.

ஏலக்காயும் சுக்கும் மிளகும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீடுகள் இவை. சுக்குக் காப்பிக்கு ஒரு துண்டுச் சுக்கை இதிலேயே போட்டால் என்ன என்று தோன்றும். சுக்கின் நார் பற்களில் சுற்றிக்கொள்ளும்; ஏலத்தின் மணம் மாதக்கணக்கில் போகாது. மசாலாவுக்கு மிக்ஸி இருக்கிறது. மிக்ஸியைச் சுத்தம் செய்யப் பச்சரிசியைப் போட்டு ஓட்டும் வழக்கமும் இங்கே வேண்டாம்; உலர்ந்த அரிசி வறுத்த காப்பிக்கொட்டையைவிடக் கெட்டி. நீர்விட்டுக் கழுவினால் எஃகு துருப்பிடிக்கும். உலர்ந்த தூரிகை ஒன்று போதும். சிக்கரி விரும்புபவர்கள் அதை அரைத்தபின் தூளில் கலந்துகொள்ள வேண்டும். சிக்கரி ஈரத்தை உறிஞ்சிப் பசையாகும் தன்மையது. பற்களுக்குள் போனால் எடுப்பது எளிதன்று. எண்ணெய் மினுங்கும்வரை கறுக்க வறுத்த கொட்டையும் ஏறக்குறைய இதே தொல்லையைத் தரும்.

தென்மேற்குப் பருவத்தில் மலையில் ஈரக்காற்று. கோடையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் உலர்ந்த காற்று. இரண்டும் அரைவையை மாற்றும். சென்ற மாதம் சரியாக இருந்த திருகு இந்த மாதம் சரியாக இராது. ஒரு சொடுக்கோ இரண்டு சொடுக்கோ நகர்த்த வேண்டிவரும். உலர்ந்த பருவத்தில் தூள் மின்னேறிக் கிண்ணத்தின் ஓரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அரைக்குமுன் கொட்டையில் சொட்டு நீர் தெளித்துக் கிளறினால் ஒட்டாது என்பது காப்பிக்கடைக்காரர்களின் கைப்பழக்கம். ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹெண்டன், எரிமலைச் சாம்பலில் மின்னேறுவதை ஆராய்பவர்களோடு சேர்ந்து இதைச் சோதித்து 2023 டிசம்பரில் வெளியிட்டார். எரிமலைக்கும் காப்பிக் கிண்ணத்துக்கும் ஒரே இயற்பியல் பொருந்துகிறது என்பது நம்மை வெகுவாகக் கவர்ந்தது. ஆனால் சொட்டு என்றால் ஒரு சொட்டே. வெறும் கையை நனைத்து உதறும் அளவு.

அதே ஹெண்டனும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஜேமி பாஸ்டர் முதலியோரும் 2020-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வு, சிக்கனம் விரும்பும் நமக்கு இன்னும் நெருக்கமானது. தூளை மிகமிக நொய்தாக அரைப்பதால் நீர் எல்லா இடத்திலும் சீராகப் பாய்வதில்லை. சில பகுதி அடைபடுகிறது, சாரம் வீணாகிறது. சற்றுப் பருமனாக அரைத்து, 20 கிராமுக்குப் பதில் 15 கிராம் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி காப்பி கிடைக்கும், கொட்டையில் நாலில் ஒரு பங்கு மிச்சமும் ஆகும் என்று அவர்கள் காட்டினர். விநாடிக் கணக்கு அப்போது குறையும். பாலோடு குடிப்பவர்களுக்குக் காப்பி சற்று இலேசாகத் தோன்றலாம். நம் பக்கத்து ரொபஸ்டாவில் காபீன் அராபிகாவைப் போல் இரண்டு மடங்கு அளவு இருப்பதால், 15 கிராமிலேயே அது தன்னை உணர்த்திவிடும்.

வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகக் கருவி கொண்டுவருவதும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேரே மாட்டினால் மோட்டார் அப்போதே கருகும். மின்மாற்றி வைக்கலாம், ஆனால் அங்கே மின்னோட்டம் விநாடிக்கு 60 அலை, இங்கே 50. சில மோட்டார்கள் அதனால் மெதுவாகச் சுழன்று சூடேறும். கைக்கருவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உறவினரிடம் அதையே கேட்டு வாங்கலாம். மூடப்பட்ட காப்பிக்கடையின் பெரிய கருவி குறைந்த விலைக்கு வந்தால், பற்களைக் கழற்றி விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் அம்மியைப் போல் கொத்திக்கொள்ள முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்தப் பற்கள் இன்னும் விற்பனைக்குக் கிடைக்கின்றனவா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கலாகாது. பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் மோட்டாரைச் சீர்செய்வோர் இருக்கின்றனர். பற்களைச் செய்து தருவோரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

கருவி வந்த முதல் வாரம் சிறிது தூள் வீணாகத்தான் செய்யும். நாளுக்கு ஒரு முறை தவறினாலே மாதத்துக்கு அரைக்கிலோவுக்கு மேல் போய்விடும் என்பதால், தவறுவதையும் ஓர் ஒழுங்கோடு செய்ய வேண்டும். கிராமில் ஒரு பத்தில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தூளின் எடையை மாற்றாதீர்கள். அழுத்தும் கையின் பலத்தை மாற்றாதீர்கள். சொடுக்கை மட்டும் நகர்த்துங்கள். 18 கிராம் போட்டு 36 கிராம் இறங்க எத்தனை விநாடி என்று சுவரில் மாட்டிய காலண்டர் தாளின் ஓரத்திலேயே குறித்து வாருங்கள். இருபதுக்குக் கீழே என்றால் நெருக்குங்கள். முப்பத்தைந்துக்கு மேலே என்றால் தளர்த்துங்கள். புதிதாக வறுத்த கொட்டையானால் ஐந்தாறு நாள் டப்பாவில் ஆறவிட்டுத் தொடங்குங்கள். வறுத்த அன்றே அரைத்தால் உள்ளே அடைபட்ட வாயு நுரைத்து எழுந்து, விநாடிக் கணக்கு நாளுக்கொன்றாக வரும்.